பின்னல் பொம்மைக்குக் கண் எதுக்கு?

தங்கச்சி பையனுக்குப் போன வருஷம் சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் கோயிலில் காதுகுத்து. வழக்கமாகத் திங்களும் வெள்ளியும் மட்டும் நடை திறக்கிற கோயில் என்பதால் ஒரு வெள்ளிக்கிழமையாகப் பார்த்து, லீவு போட்டுவிட்டுப் போனேன். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்த வேண்டும், சீரும் தாய்மாமன்தான் கொண்டு போக வேண்டும். தட்டில் பழம், வெற்றிலை பாக்கு, துணிமணி, தோடு எல்லாவற்றுக்கும் நடுவில் நானே குரோஷா ஊசியில் பின்னிய பழுப்புக் கரடி ஒன்று உட்கார்ந்திருந்தது. வந்த சொந்தக்காரர்கள் எல்லாரும் அதைத்தான் கையில் எடுத்துப் பார்த்தார்கள். "ஆம்பளப் புள்ள பின்னுனதா இது?" என்று ஒரு சித்தி கேட்டதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன். போட்டோக்களில் பையனைவிடக் கரடிதான் நன்றாக விழுந்திருக்கிறது.

சாயந்தரம் பெரம்பலூர் வீட்டில் எல்லாரும் அசந்து உட்கார்ந்திருந்தோம். பையனுக்கு அப்போது 11 மாசம். அடுப்படியிலிருந்து எங்கம்மா எட்டிப் பார்த்து, "புள்ள சத்தத்தையே காணோம், எதையோ மெல்லுது பாரு" என்றார். வாயைத் திறந்து பார்த்தால் நாக்கு நுனியில் கறுப்பாக ஒன்று பளபளத்தது. கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் இருந்ததால் அம்மா சுண்டுவிரலைப் பக்கவாட்டில் விட்டு வளைத்து எடுத்துவிட்டார். கரடியின் இடது கண். (கண்ணுக்குத் தெரியாமல் தொண்டைப் பக்கம் போயிருந்தால் விரலை விட்டுத் துழாவக் கூடாதாம், இன்னும் உள்ளே தள்ளிவிடும். இதை அன்றைக்கு ராத்திரிதான் படித்தேன்.)

யாரும் என்னைத் திட்டவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. அதற்குப் பிறகு கைப்பின்னல் பொம்மைகளை நான் பார்க்கிற விதமே மாறிவிட்டது. இந்தப் பதிவு அந்தப் பொம்மைகளைப் பற்றிய என் விமர்சனம். முதலில் மாட்டுவது என் கரடிதான்.

அந்தக் கண்ணுக்குக் கடையில் சொல்கிற பெயர் 'சேஃப்டி ஐ'. முன்னால் கறுப்புப் பிளாஸ்டிக் குமிழ், பின்னால் வரி வரியாக ஒரு காம்பு. பின்னலின் இடைவெளியில் காம்பைச் செருகி, உள்பக்கத்திலிருந்து ஒரு வாஷரை அழுத்தினால் டிக் டிக்கென்று பூட்டிக்கொள்ளும். அப்புறம் கையால் கழற்றவே முடியாது. வேலையில் ஏதாவது கோளாறு வந்தால் மூல காரணம் தேடி அறிக்கை எழுதுவது எனக்குப் பழகிப்போன விஷயம். ஊருக்குத் திரும்பியதும் கரடியையும் கண்ணையும் மேசையில் வைத்து அதையே செய்தேன். வாஷர் கழலவில்லை. காம்பு உடையவில்லை. வாஷரோடு சேர்ந்து முழுக் கண்ணும் அப்படியே பின்னலைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்திருந்தது. 'சேஃப்டி' என்ற பெயருக்குப் பிளாஸ்டிக் தன் கடமையைச் சரியாகச் செய்திருக்கிறது. விட்டுக்கொடுத்தது துணி. அந்தத் துணியைப் பின்னியது நான்.

இங்கே பின்னலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இந்த வகைப் பொம்மைக்கு ஜப்பானியப் பெயர் அமிகுருமி. பின்னுதல் என்ற சொல்லையும் பஞ்சடைத்த பொம்மை என்ற சொல்லையும் ஒட்டி வைத்த பெயர். ஒரு சுருக்கு வளையத்தில் 6 தையலோடு தொடங்குவோம். அடுத்த சுற்றில் 12, அதற்கடுத்து 18, 24, 30. சுற்றுக்கு ஆறு கூட்டினால் தட்டையான வட்டம் வரும். ஏன் ஆறு? இந்தத் தையலின் உயரமும் அகலமும் ஏறக்குறைய ஒன்று. ஆரம் ஒரு தையல் அளவு கூடினால் சுற்றளவு 2π, அதாவது ஆறேகால் தையல் கூட வேண்டும். ஆறு போதும், மிச்சத்தை நூல் இழுத்துச் சமாளிக்கும். கூட்டுவதை நிறுத்தினால் குழாய், குறைத்துக்கொண்டே வந்தால் உருண்டை. கோடு எழுதுகிறவனுக்கு இது பிடிக்காமல் போகாது. வாய்பாடு தெரிந்தால் கரடி என்ன, யானையும் வரும்.

வாய்பாட்டில் வராத ஒன்று இறுக்கம். நூல் சுருளில் எந்த அளவு ஊசி என்று அச்சடித்திருப்பார்கள். அது ஸ்வெட்டருக்கான கணக்கு. பொம்மைக்கு அதைவிடச் சின்ன ஊசி எடுத்து, கை வலிக்க இறுக்கிப் பின்ன வேண்டும். இல்லாவிட்டால் இடைவெளியில் பஞ்சு எட்டிப் பார்க்கும். நான் சீக்கிரம் முடிக்கிற ஆசையில் பெரிய ஊசி எடுத்தேன். வெளியே நன்றாகத்தான் இருந்தது. பதினோரு மாசக் குழந்தை எச்சிலில் ஊறவைத்து, முளைத்த நாலு பல்லால் கவ்வி இழுத்தபோது ஒரு ஓட்டை வாஷர் அளவுக்கு விரிந்து கொடுத்தது.

சரி, இறுக்கிப் பின்னினால் தீர்ந்ததா என்றால், அங்கேதான் என் சண்டை. மூணு வயசுக்குள் இருக்கும் குழந்தைகளுக்கான பொம்மையில் கழலும் சின்னப் பாகம் இருக்கவே கூடாது என்று எல்லா நாட்டுத் தரவிதிகளும் சொல்கின்றன. எது சின்னது என்பதற்கு ஒரு உருளை வைத்திருக்கிறார்கள். உள்விட்டம் 31.7 மில்லிமீட்டர். நம் பத்து ரூபாய் நாணயம் 27 மில்லிமீட்டர், அதைவிடக் கொஞ்சம் பெரிசு, அவ்வளவுதான். எந்தப் பக்கம் திருப்பினாலும் சரி, அழுத்தாமல் அதற்குள் அடங்கிவிட்டால் அது தொண்டையை அடைக்கும் பொருள். கண்ணை வைத்து மட்டும் விட்டுவிட மாட்டார்கள், இழுத்தும் பார்ப்பார்கள். ஐரோப்பியத் தரமான இஎன் 71 கணக்கில் 6 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட பாகத்தை 90 நியூட்டன் விசையில், அதாவது ஒன்பது கிலோவுக்குக் கொஞ்சம் மேலே, 10 விநாடி இழுத்துப் பிடிக்க வேண்டும். நான் கரடியின் வலது கண்ணில் கம்பிக் கொக்கி மாட்டி, பெட்டி எடை பார்க்கும் தராசில் தொங்கவிட்டு இழுத்துப் பார்த்தேன். முள் பாதி தூரம்கூடப் போகவில்லை.

இந்தியாவில் இதற்கு ஐஎஸ் 9873 என்ற தரம் இருக்கிறது. 2020-இல் வந்த பொம்மைகள் தரக்கட்டுப்பாட்டு ஆணை 2021 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. 14 வயசுக்கு உட்பட்டவர்களுக்கான பொம்மை என்றால் ஐஎஸ்ஐ முத்திரை இல்லாமல் விற்கக் கூடாது. கைவினை வளர்ச்சி ஆணையரிடம் பதிவு செய்த கைவினைஞர்களுக்கும் புவிசார் குறியீடு பெற்ற பொருள்களுக்கும் விலக்கு உண்டு. விலக்கு கொடுத்தது நியாயம். வீட்டில் உட்கார்ந்து மாசம் பத்து பொம்மை பின்னும் ஒரு அம்மாவால் ஆய்வகத்துக்குப் பணம் கட்ட முடியாது. ஆனால் விலக்கு கொடுத்தது முத்திரையிலிருந்துதான், குழந்தையின் தொண்டைக்கு யாரும் விலக்கு கொடுக்கவில்லை. 'கையால் செஞ்சது, அன்பால் செஞ்சது' என்று அட்டையில் எழுதிவிட்டால் சோதனை தேவையில்லை என்ற நினைப்பு விற்கிறவர்களிடமும் இருக்கிறது, வாங்குகிறவர்களிடமும் இருக்கிறது. கரடியைப் பின்னிய என்னிடமும் இருந்தது.

காதுகுத்துக்குப் பிறகு கண்ணில் படும் பின்னல் பொம்மையை எல்லாம் வாங்க ஆரம்பித்தேன். ஒரு கண்காட்சியில் வாங்கிய தேனீ: பின்னல் கச்சிதம், நூல் முனைகளை உள்ளே இழுத்து மறைத்த விதத்தில் என்னைவிடப் பத்து மடங்கு கைதேர்ந்தவர் என்று தெரிகிறது, ஆனால் இறக்கையை நாலே நாலு தையலில் ஒட்டவைத்திருக்கிறார். ஆன்லைனில் வந்த யூனிகார்ன்: பிடரி முழுக்கத் தனித்தனி நூல் கற்றை. ஒன்றை இழுத்தால் ஒன்று கையோடு வருகிறது. பிறந்த குழந்தைக்கு என்று போட்டு விற்கிறார்கள். ஒரு தோழியின் மகள் பரிசாகக் கொடுத்த முயலுக்குப் பிளாஸ்டிக் கண் இல்லை, கறுப்பு நூலில் தைத்த இரண்டு கோடுகள்தான். தூங்குகிற முயல். இருக்கிற மூன்றில் அதுதான் படத்தில் எடுபடாதது. அதைத்தான் நான் எந்தக் குழந்தையிடமும் பயமில்லாமல் கொடுப்பேன்.

பார்க்கப் பார்க்க ஒன்று புரிந்தது. இந்தப் பொம்மைகள் கேமராவுக்காகப் பின்னப்படுகின்றன. பளபளக்கும் கண்ணில் வெளிச்சப் புள்ளி விழுந்தால்தான் படத்தில் உயிர் வரும். நூலில் தைத்த கண் படத்தில் செத்துக் கிடக்கும். வாங்குகிறவர் பெரியவர், அவர் பார்ப்பது படத்தை. குழந்தை பொம்மையைப் பார்ப்பதைவிட அதிகம் கடிக்கிறது, சப்புகிறது, தரையில் தேய்க்கிறது, காதைப் பிடித்துத் தூக்குகிறது. குழந்தையிடம் விலைப்பட்டியலும் இல்லை, விருப்பக்குறி போடும் பொத்தானும் இல்லை. சமீபமாக இன்னொரு கூத்தும் சேர்ந்திருக்கிறது. செயற்கை நுண்ணறிவில் உருவாக்கிய பொம்மைப் படத்தைப் போட்டு, அதற்கான வழிமுறை என்று ஒரு தாளை விற்கிறார்கள். படத்தில் இருக்கும் தையல் எந்த ஊசியாலும் போட முடியாத தையல். எண்ணிக்கை கூட்டிப் பார்த்தால் மூன்றாவது சுற்றிலேயே இடிக்கும். எங்கள் பாஷையில் சொன்னால் கம்பைல் ஆகாது.

பாராட்டுகிற நாமும் அப்படித்தான் இருக்கிறோம். தமிழ்நாட்டில் குரோஷாவைப் பற்றிப் பேசினால் முதலில் வருவது 2016 ஜனவரி 31 அன்று சென்னையில் மதர் இந்தியாஸ் குரோஷே குயின்ஸ் குழுவினர் செய்த கின்னஸ் சாதனைப் போர்வை. 11,148.5 சதுர மீட்டர். எத்தனையோ பெண்கள் வீட்டில் பின்னிய துண்டுகளை அனுப்பி ஒன்று சேர்த்தது. பெரிய காரியம், சந்தேகமில்லை. ஆனால் அந்தத் துண்டு யார் தோளைக் குளிரிலிருந்து காத்தது, எத்தனை துவைப்பு தாங்கியது என்று யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. சதுர மீட்டர் எண்ணுவது சுலபம்.

எங்கள் மாவட்டத்துக்கு வருகிறேன். பெரம்பலூர் மாவட்டம் அரும்பாவூரில் மரச்சிற்பம் செதுக்குகிறார்கள், 2020-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அங்கே செய்வது சாமி உருவங்கள், பொம்மை இல்லை. இருந்தாலும் ஒரு பட்டறை வாசலில் நின்று பார்த்தபோது எனக்குக் கரடி ஞாபகம்தான் வந்தது. முகத்தில் கண் திறப்பது கடைசி வேலை, அதையும் அதே மரத்தில்தான் திறக்கிறார்கள். எங்கிருந்தோ கொண்டுவந்து ஒட்டுவதில்லை. நம்ம வீடுகளில் இருந்த மரப்பாச்சியும் அப்படித்தான். ஒரே கட்டை. கண், மூக்கு, கை எல்லாம் அதில் செதுக்கினது. குழந்தை நாள் முழுக்கச் சப்பினாலும் கழன்று வருவதற்கு ஒன்றுமே கிடையாது. மரப்பாச்சியை அழகு என்று யாரும் சொல்ல மாட்டார்கள், மூஞ்சியே இல்லாத மாதிரிதான் இருக்கும். தலைமுறை தலைமுறையாகக் கைக்குழந்தைகள் அதைச் சோதித்துத் தேர்ச்சி கொடுத்திருக்கிறார்கள்.

பழசெல்லாம் பொன் என்று நான் சொல்ல வரவில்லை. உதாரணத்துக்குப் பஞ்சு. 'உள்ளே இலவம்பஞ்சு வைங்க, இயற்கை' என்று எனக்கும் ஆசைதான். ஒரு தடவை வைத்தேன். துவைத்த பிறகு உருண்டை உருண்டையாகத் திரண்டு, காய மூன்று நாள் ஆகி, ஒரு மாதிரி வாடை அடித்தது. குழந்தைப் பொம்மையைத் துவைக்காமல் வைத்திருக்க முடியாது. உள்ளே பாலியஸ்டர் பஞ்சுதான் சரி. வெளியே வேறு கதை. பெரம்பலூர் பருத்தி விளைகிற பூமி. மக்காச்சோளம், சின்ன வெங்காயத்தோடு அதுவும் எங்கள் ஊர்ப் பெயரைச் சொல்லும் பயிர். ஆனால் பெரம்பலூர் கடையில் பின்னல் நூல் கேட்டால் எடுத்து வைப்பது அக்ரிலிக் உல்லன். சித்திரை வெயிலில் அதை ஒரு குழந்தை கட்டிப்பிடித்துத் தூங்குவதை நினைத்துப் பாருங்கள். பருத்தி நூல் கைக்குக் கடினம், வழுக்காது, விரல் சிவக்கும். ஆனால் இறுகினால் இறுகினதுதான், அக்ரிலிக் மாதிரி இழுத்த இழுப்புக்கு வராது.

விலையைப் பற்றி ஒரு வார்த்தை. ஸ்வெட்டர் பின்ன மெஷின் இருக்கிறது. குரோஷா பின்ன இன்றுவரை உருப்படியான மெஷின் கிடையாது. கடையில் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் அந்தப் பொம்மையை ஒரு மனிதக் கைதான் பின்னியிருக்கிறது. என் கரடிக்கு ஒரு வாரத்து ராத்திரிகள் போயின. அதே அளவு கரடியை 300 ரூபாய்க்கு விற்றால், நூல் காசு போக அந்தக் கைக்கு என்ன மிஞ்சியிருக்கும் என்று நீங்களே கணக்குப் போடலாம். ஆந்திராவின் நரசாப்பூரில் குரோஷா லேஸ் பின்னும் பெண்களைப் பற்றி மரியா மீஸ் 1982-இல் ஒரு புத்தகம் போட்டார். உலகச் சந்தைக்குப் பின்னுகிறவர்களை 'வீட்டில் சும்மா இருக்கிறவர்கள், ஓய்வு நேரத்தில் பின்னுகிறார்கள்' என்று கணக்கிலேயே சேர்க்காமல் விட்டதுதான் அந்தப் புத்தகத்தின் மையம். கண்ணை நூலில் தைக்க அரை மணி நேரம், பிளாஸ்டிக் கண்ணைச் செருக அரை நிமிஷம். அந்த அரை மணிக்குக் காசு கொடுக்க வாங்குகிறவர் தயாராக இல்லை. ஆகவே தேனீ பின்னிய அந்தக் கைக்காரரை மட்டும் குறை சொல்லிவிட்டு நான் தப்பிக்க முடியாது.

ஒழுங்காகச் செய்தவர்கள் இருக்கிறார்கள். டென்மார்க்கில் 2013-இல் குறைமாதக் குழந்தைகளுக்கு ஆக்டோபஸ் பின்னிக் கொடுக்கும் தன்னார்வக் குழு ஒன்று தொடங்கியது. அவர்களுடைய விதிகளைப் படித்தால் ஒரு நல்ல தொழில்நுட்ப ஆவணம் படித்த திருப்தி. நூல் நூறு சதவீதம் பருத்தி, 60 டிகிரி வெந்நீரில் துவைக்கத் தாங்க வேண்டும், கண் நூலில் தைத்ததாக இருக்க வேண்டும், கையை இழுத்துப் பிடித்தாலும் 22 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது. கடைசி விதி குழந்தையைச் சுற்றிக்கொள்ளக் கூடாது என்பதற்காக. ஆக்டோபஸின் கை தொப்புள்கொடி மாதிரி இருப்பதால் குழந்தை அமைதியாகிறது என்ற பேச்சும் கூடவே பரவியது. அதற்கு உறுதியான மருத்துவச் சான்று கிடையாது, எனக்கு அது முக்கியமாகவும் படவில்லை. பரிசு கொடுக்கிறவரின் ஆசைக்கு ஒரு அளவுகோல் வைத்து, அதில் தேறாததைத் திருப்பி அனுப்பும் தைரியம்தான் எனக்குப் பிடித்தது. இலவசமாகக் கொடுக்க வந்தவரிடம் 'இது சரியில்லை' என்று சொல்வது நம்ம ஊரில் நடக்கிற காரியமா? காதுகுத்தில் கரடியைக் கையில் வாங்கிய தங்கச்சிக்கு அந்தக் கண் அப்போதே உறுத்தியதாம். "நீ ராத்திரியெல்லாம் முழிச்சுப் பண்ணியிருக்கன்னு சொன்னாங்கண்ணே, எப்புடிச் சொல்றது?" என்று பிறகு கேட்டாள்.

ஆக்டோபஸைப் படித்துக்கொண்டிருந்தபோதுதான் அதன் தூரத்துச் சொந்தம் ஒன்று எங்கள் மண்ணிலேயே கிடக்கிறது என்று உறைத்தது. அம்மாவுக்கு ஊர் அரியலூர்ப் பக்கம். கிரெட்டேசியஸ் காலத்தில் அந்தப் பகுதி கடல். சிமெண்டுக்கு வெட்டும் சுண்ணாம்புக்கல் எல்லாம் அந்தக் கடலின் மிச்சம். வாரணவாசியில் தொல்லுயிர் அருங்காட்சியகமே இருக்கிறது. அங்கே சுருண்டு கிடக்கும் அம்மோனைட் ஓட்டைப் பார்த்திருப்பீர்கள். ஆக்டோபஸ், கணவாய் வகையறாவோடு உறவு, 6.6 கோடி வருஷத்துக்கு முன் முற்றாக அழிந்துபோனது. பின்னல் வழிமுறைகளில் பாண்டா இருக்கிறது, ஒற்றைக்கொம்புக் குதிரை இருக்கிறது, பனிக்கரடி இருக்கிறது. அரியலூர்க் குழந்தைக்கு அரியலூர்ப் பிராணி ஒன்றைப் பின்ன இந்த வாய்பாடு மாதிரி தோதானது எதுவும் இல்லை. 6 தையலில் தொடங்கு, சுற்றை மூடாமல் சுழன்றுகொண்டே போ, நாலு சுற்றுக்கு ஒரு தையல் கூட்டு. மெல்ல மெல்லப் பருக்கும் ஒரு குழாய் வரும். அதைச் சுருட்டினால் அம்மோனைட். ஓட்டுக்குக் கண் கிடையாது, காது கிடையாது, இறக்கை கிடையாது.

பருத்தி நூல், சின்ன ஊசி, மூன்று வாரம். குறையும் உண்டு. சுருளைத் தைத்த நூல் அறுந்தால் அது முக்கால் மீட்டர் நீளக் குழாயாக அவிழ்ந்துவிடும். டென்மார்க்காரர்கள் திருப்பி அனுப்பியிருப்பார்கள். அதனால் ஒவ்வொரு வளையத்தையும் அடுத்த வளையத்தோடு இரண்டு தடவை, வேறு வேறு நூலில் தைத்தேன். பிறகு தராசில் மாட்டி வளையம் வளையமாகப் பத்து கிலோ வரை இழுத்தேன். தாங்கியது. பாலியஸ்டர் பஞ்சைக் கொஞ்சமாகத்தான் அடைத்தேன், குழந்தையின் கைப்பிடிக்குள் அமுங்க வேண்டும் என்று. தூளிக்குள் மட்டும் போடாதீர்கள், முழித்திருக்கும்போது கொடுங்கள் என்று தங்கச்சியிடம் சொல்லிக் கொடுத்தேன். இந்தத் தடவை அவளும் வாங்கியவுடன் நாலு பக்கமும் இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் பையனிடம் கொடுத்தாள்.

படம் எடுத்தேன். மண் நிறத்தில் ஏதோ சுருண்டு கிடக்கிற மாதிரி இருக்கிறது, என்னவென்றே தெரியவில்லை. எங்கம்மா கையில் வாங்கிப் பார்த்து, "எதுக்குடா இம்புட்டுச் சின்னதா சும்மாடு?" என்றார். பையனுக்கு இப்போது ஒன்றே கால் வயசு, அவன் அதை முறுக்கு என்கிறான். ஓரத்தைக் கடித்துக் கடித்து அந்த இடம் மட்டும் வெளுத்துவிட்டது. வாரம் ஒரு தடவை துவைத்துக் கொடியில் போடும்போது தங்கச்சி தையலை ஒரு சுற்றுப் பார்க்கிறாள். கண்ணை நூலில் தைத்த பிறகு கரடியையும் கொண்டுபோய்க் கொடுத்தேன், அது ஷோகேஸில் இருக்கிறது.